பதினெட்டு திரைகளும் ஒன்பது இஞ்சு மடிப்பும்

காலை எட்டரை மணிக்குக் கட்டிங் மேசையைத் துடைக்கிறவள் அவள்தான். இருபது அடி நீளம், ஆறு அடி அகலம். ஈரத்துணியை ஒரு கோடியில் வைத்து இழுத்தால் நேற்றைய சாக்பீஸ் கோடுகள் நீலமும் மஞ்சளுமாகக் குழம்பி மறு கோடிக்கு வந்து சேரும். பிறகு காய்ந்த துணியால் இன்னொரு தடவை. ஈரம் மிச்சம் இருந்தால் வெள்ளைத் துணி காட்டிக்கொடுத்துவிடும். இடுக்கில் சிக்கிய நூல்பிசிறுகளை நகத்தால் நெம்பி எடுத்து, உருட்டி, கூடையில் போட்டால் வேலை முடிந்தது.

தலைமைக் கட்டர் செய்ய வேண்டிய வேலை இல்லை இது. தரையைச் சுத்தம் செய்ய ஒரு அம்மா வருகிறாள், மேசையையும் அவளிடமே விட்டிருக்கலாம். ஆனால் பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, சூப்பர்வைசர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இனிமே மேசையை நீயே துடை. துணுக்கு எங்கே போகுதுன்னு உனக்குத்தானே தெரியும்." சொன்னவர் அன்று மத்தியானமே மறந்திருப்பார். அவள் மறக்கவில்லை. காய்ச்சல் நாளில்கூட வந்து துடைத்தாள். வஞ்சம் வைத்திருக்கிறவர்களுக்குத் தினமும் கைக்கு ஒரு வேலை இருப்பது நல்லது. வஞ்சம் துருப்பிடிக்காது.

தையல்கூடத்தில் அவளுக்கு நாலேகால் என்று பெயர். புதிதாகச் சேருகிற பெண்கள், கால் இஞ்சுகூடப் பிசகாமல் வெட்டுகிறவள் என்பதால் வந்த பட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். "நாலேகால் அக்கா, கத்திரி குடுங்க" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அவளும் திருத்தாமல் கொடுப்பாள். உண்மையில் அது நாலேகால் கஜம். அவள் திருடியதாகச் சொல்லப்பட்ட துணியின் நீளம்.

அங்கே ஜன்னலுக்கும் மேடைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் திரை தைக்கிறார்கள். அப்போது பதினாறு பேர். சூப்பர்வைசர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஏதோ கடையில் ஒற்றை ஒற்றையாக ஜன்னல் திரை விற்றுக்கொண்டிருந்தவர். மொத்த ஆர்டருக்குக் கணக்குப் போட்டது அதுதான் முதல் தடவை. ஒரு ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு பச்சைத் திரைகள். ஒவ்வொன்றும் எண்பத்து நாலு இஞ்சு நீளம். மேலே கம்பி நுழையவும் கீழே கனமாகத் தொங்கவும் மடித்துத் தைக்க ஒன்பது இஞ்சு. ஆக, தொண்ணூற்று மூன்று இஞ்சுக்கு ஒன்று வெட்ட வேண்டும் என்று அவளுக்குச் சீட்டு வந்தது. ஸ்டோருக்கு வேறு சீட்டு, மொத்தத் துணியின் அளவோடு. ஸ்டோரிலிருந்து ஒரே துண்டாகத் துணி வந்தது. அவள் விரித்தாள், கோடு போட்டாள், வெட்டினாள். பதினாறு திரை ஆனதும் மேசையில் மிச்சம் கிடந்தது முப்பத்து மூன்று இஞ்சு. இன்னும் இரண்டு திரை வெட்ட வேண்டும்.

"சார், துணி பத்தலை."

"எப்படிப் பத்தாம போகும்? பதினெட்டுக்கும் கணக்குப் போட்டுத்தான் குடுத்திருக்கு." ஸ்டோர் சீட்டை எடுத்து, அதிலிருந்த மொத்தத்தைப் பேனா முனையால் தட்டித் தட்டிக் காட்டினார். ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. "இதோ, இத்தனை இஞ்சு. வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார். வந்ததைத்தான் வெட்டினேன்."

"அப்போ மிச்சத்துக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதை அவள் இன்றைக்கும் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே சொல்வாள். சாயங்காலம் கேட்டில் அவள் பையைக் கவிழ்த்தார்கள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒன்றாம் வகுப்பு மகளுக்கு வாங்கிய ரப்பர். காவல்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தார், பச்சைத் துணிக்கு வாசனை உண்டு என்பதுபோல. மறுநாள் ஸ்டோரில் மேற்கொண்டு நாலேகால் கஜம் வெட்டிக் கொடுத்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் பட்டம் தயார்.

வேலை போகவில்லை. "பெரிய முதலாளி மனசு வெச்சாரு, பொழச்சுப் போ" என்றார் சூப்பர்வைசர். அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். திருடாதவள் கும்பிட்டாள்! அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அதைவிட மோசம், ஆறு வருஷம் அவளுக்கே தன்மேல் சந்தேகம் இருந்தது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு. அரை, கால், முக்கால் எல்லாம் விரல்நுனியில் நிற்கும், ஆனால் நாலு இலக்கத்தைப் பார்த்தால் கண் இருட்டும். டேப் இழுபட்டுவிட்டதோ என்று இரும்புக்கோலோடு ஒத்துப் பார்த்தாள். நூலளவு வித்தியாசம் இல்லை. அப்படியானால் துணி எங்கே போனது?

அது எங்கேயும் போகவில்லை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் தேய்க்கும்போது தெரிந்தது.

மகள் அப்போது ஏழாம் வகுப்பு. முன்னறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்கிறவர்களுக்கே உரிய தூக்கக் குரலில் கத்திக்கொண்டிருந்தாள். "அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள எண், உள்ளே உள்ள ஒவ்வொரு எண்ணையும் பெருக்கும். ஒவ்வொரு எண்ணையும் பெருக்கும்."

"அது என்னடி, ஒவ்வொண்ணையும்?"

"கணக்கும்மா. நாலு பேருக்கு, ஆளுக்கு ரெண்டு பேனாவும் ஒரு பென்சிலும் குடுக்கணும்னு வெச்சுக்கோ. எட்டு பேனா, நாலு பென்சில், மொத்தம் பன்னெண்டு. ஆனா நிறைய பேரு பேனாவை மட்டும் நாலால பெருக்கிட்டுப் பென்சிலை ஒரே தடவை கூட்டிடுவாங்க. ஒம்பதுன்னு வரும். மூணு பேருக்குப் பென்சில் இருக்காது. இதுதான் எல்லாரும் பண்ற தப்புன்னு மிஸ் சொன்னாங்க."

அவள் கையில் சோப்பு நுரையோடு வந்து நின்றாள். "எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடு. பதினெட்டு. எண்பத்தி நாலு. அதுக்கு மேல ஒம்பது."

"எப்படிப் போடணும்?"

"முதல்ல தப்பாப் போடு."

பதினெட்டு எண்பத்து நாலு, ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அதோடு ஒரே ஒரு ஒன்பது. ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. பேனா முனை தட்டிய அதே எண் நோட்டில் வந்து உட்கார்ந்தது.

"இப்போ சரியாப் போடு."

ஆயிரத்து அறுநூற்று எழுபத்து நாலு. வித்தியாசம் நூற்று ஐம்பத்து மூன்று இஞ்சு. அதைக் கஜமாக்க அவளுக்கு மகள் தேவைப்படவில்லை. கஜத்துக்கு முப்பத்தாறு இஞ்சு, நாலு முப்பத்தாறு நூற்று நாற்பத்து நாலு. மிச்சம் ஒன்பது இஞ்சு, அதாவது கால் கஜம்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் குடு."

"நோட்டுல கிழிக்கக் கூடாதும்மா. மிஸ் திட்டுவாங்க."

"திட்டினா என்னை வந்து பார்க்கச் சொல்லு."

பதினேழு திரைகளுக்கு மடிப்பே கணக்கில் வரவில்லை. பிறக்காத துணியைத்தான் அவள் திருடியிருக்கிறாள்.

மறுநாளே போய்ச் சண்டை போட்டிருக்கலாம். தவறு யாருக்கும் வரும், அதிலும் முதல் தடவை. அவள்கூட அந்த ஒரு ராத்திரிக்கு அப்படித்தான் எண்ணிப் பார்த்தாள். ஆனால் அவளிடம் ஒரு நோட்டு உண்டு. வருகிற ஒவ்வொரு ஆர்டரையும், துணியோடு சேர்ந்துவரும் ஸ்டோர் சீட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, கோடு புள்ளி மாறாமல் அதில் பார்த்து எழுதிவைப்பாள். அதைப் புரட்டினாள். ஆஸ்பத்திரித் திரைக்கு அடுத்த மொத்த ஆர்டர் ஒரு பள்ளிக்கூட மேடைக்கு, ஒன்பது நாள் கழித்து. அந்தச் சீட்டிலிருந்து அன்றுவரை, சூப்பர்வைசர் நீளத்தையும் மடிப்பையும் முதலில் கூட்டி, சுற்றி ஒரு வளையம் போட்டுத்தான் பெருக்கியிருந்தார். எல்லாச் சீட்டிலும் அந்த வளையம். தையல்காரப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் அவருக்கு வளையம் என்று பட்டமே வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் ஒரு இடத்திலும் வளையம் இல்லை.

அப்படியென்றால் ஒன்பது நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "நாலேகால், இங்கே வா" என்று ஆறு வருஷம் கூப்பிட்டிருக்கிறார்.

மன்னிக்கலாம் என்ற எண்ணம் அன்றோடு செத்தது. தனியாகப் போய்க் கேட்டால், "பழைய கதை எதுக்கும்மா" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு முடித்துவிடுவார். அவளுக்கு வேண்டியது அந்த மேசை. சுற்றி அத்தனை பேர். அவர் கை, அவர் வாய். காத்திருந்தாள். இன்னும் ஐந்து வருஷம் மேசையைத் துடைத்தாள்.

வாய்ப்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். பெரிய முதலாளி படுத்துவிட்டார், அவர் மகள் பொறுப்புக்கு வந்தாள். சின்ன மேடம் என்று பெயர். புதிதாக எட்டுப் பெண்களைச் சேர்த்தாள். துணி வீணாவதைப் பார்த்து, தினமும் காலையில் அரை மணி நேரம் எல்லாருக்கும் அடிப்படைக் கணக்கு சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். சொல்லிக்கொடுக்கப்போவது சூப்பர்வைசர். நன்றாகச் செய்தால் மேனேஜர் நாற்காலி என்று பேச்சு.

முதல் நாள், மேசைத் தலைப்பில் வெள்ளைப் பலகையைச் சாத்தி வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "இன்னிக்குக் கூட்டல். நாளைக்குப் பெருக்கல்."

ஓவர்லாக் மிஷினில் உட்கார்கிற மூத்த அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "கூட்டறதும் பெருக்கறதும் எங்களுக்கா சார் சொல்லித்தரணும்? வீட்டுல அதை முடிச்சிட்டுத்தானே வர்றோம். உங்க வீட்டுல யாரு?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், மனிதர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். எதை முன்னால் கூட்டினாலும் எதைப் பின்னால் கூட்டினாலும் தொகை மாறாது என்பதற்கு இரண்டு ரிப்பனை முடிச்சுப் போட்டுக் காட்டினார். எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் ஒரே நீளம். மறுநாள், பெருக்கலும் அப்படித்தான், ஆறு வரிசையில் எட்டுத் திரை வளையமும் எட்டு வரிசையில் ஆறு திரை வளையமும் நாற்பத்தெட்டுதான் என்றார்.

"அப்போ நாலடி அகலம் ஆறடி உசரத்தை, ஆறடி அகலம் நாலடி உசரமா வெட்டிடலாமா சார்?" என்றாள் அக்கா. "பரப்பு ஒண்ணுதானே. ஜன்னலுக்குப் பாவாடை கட்டின மாதிரி இருக்கும்."

"எண்ணுக்கு மேல கீழே கிடையாதும்மா. ஜன்னலுக்கு உண்டு" என்றார் அவர். நல்ல பதில். அவர் நல்ல பதிலாகச் சொல்லச் சொல்ல அவளுக்கு எரிச்சல் ஏறியது.

பூஜ்யத்தைக் கூட்டினால் ஒரு எண்ணுக்கு ஒன்றும் ஆகாது, அதே பூஜ்யத்தால் பெருக்கினால் எவ்வளவு பெரிய எண்ணும் காலி என்றார். தன் இருபது வருஷ வேலை, கைத்திறமை, நல்ல பெயர், எல்லாவற்றையும் பூஜ்யத்தால் பெருக்கிவிட்டு ஒருவன் இங்கே நின்று ரிப்பன் காட்டுகிறான் என்று அவள் நினைத்தாள். மூன்றாம் நாள், மூன்று எண்களைப் பெருக்கும்போது எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் ஒன்றுதான் என்று அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினார். அவள் மகளின் பழைய புத்தகத்தில் பக்கம் பார்த்து வைத்திருந்தாள். அதற்கு அடுத்தது எது என்று தெரியும்.

நாலாம் நாள் சின்ன மேடமும் வந்து கதவோரம் நின்றாள். மேசையைத் துடைத்துவிட்டு, துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, அவள் முன்வரிசையில் போய் நின்றாள். பதினொரு வருஷத்தில் முன்வரிசைக்கு வந்தது அன்றுதான்.

அவர் பலகையில் ஒரு வளையம் போட்டார். "இதுதான் நம்ம தொழிலுக்கு உயிர். வளையத்துக்குள்ளே நீளமும் மடிப்பும் இருக்கு. வெளியே எத்தனை திரைங்கற எண் இருக்கு. வெளியே இருக்கறவர் உள்ளே இருக்கற ஒவ்வொருத்தரையும் போய்ப் பார்க்கணும். நீளத்தை மட்டும் பார்த்துட்டு மடிப்பை விட்டுட்டு வந்தா வம்பு."

"சார், ஒரு சந்தேகம்."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் இத்தனை நாளில் ஒன்றும் கேட்டதில்லை.

"கேளு நாலேகால்."

"வளையம் போடாம, மடிப்பைக் கடைசியில ஒரே ஒரு தடவை கூட்டிட்டா என்ன ஆகும் சார்?"

"துணி குறையும்."

"எவ்வளவு குறையும்?"

"அது ஆர்டரைப் பொறுத்தது." அவர் பலகை பக்கம் திரும்பப் பார்த்தார்.

"ஒரு ஆர்டர் சொல்றேன், போட்டுக் காட்டுங்க. பதினெட்டு திரை. நீளம் எண்பத்தி நாலு. மடிப்பு ஒம்பது. பச்சை கலர்."

கடைசி இரண்டு வார்த்தைகள் கணக்குக்குத் தேவையில்லை. அவர் கையிலிருந்த பேனா பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. "வேற சின்ன எண்ணா எடுத்துக்கலாம்" என்றார். "எல்லாருக்கும் புரியற மாதிரி."

"எங்களுக்குப் புரியும் சார்" என்றாள் ஓவர்லாக் அக்கா. அவளுக்கு ஏதோ மூக்கில் வேர்த்துவிட்டது.

"போடுங்களேன்" என்றாள் கதவோரத்திலிருந்து சின்ன மேடம். "நல்ல உதாரணம்தானே."

போட்டார். வளையத்தோடு ஒரு தடவை, ஆயிரத்து அறுநூற்று எழுபத்து நாலு. வளையம் இல்லாமல் ஒரு தடவை, ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. இரண்டாவது தொகையை எழுதும்போது எழுத்து கீழ்நோக்கிச் சரிந்தது.

"வித்தியாசம்?"

"நூத்தி அம்பத்தி மூணு."

"இஞ்சு. கஜத்துல சொல்லுங்க சார். புதுப் பொண்ணுங்களுக்குத் தெரியட்டும்."

அவர் பேனாவுக்கு மூடி தேடினார். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கிப் பழகியவள், முப்பத்தாறால் வகுத்து முடித்துவிட்டு ஆசையாகச் சொன்னாள்: "நாலேகால்!" சொன்ன பிறகுதான் தான் சொன்னது ஒரு ஆளின் பெயர் என்று உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழையவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களை வரிசையாக, விட்டுப்போகாமல், அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தச் சுகத்துக்காகவே இன்னும் ஐந்து வருஷம் காத்திருக்கலாம்போல இருந்தது.

"யார் போட்ட கணக்கு இது?" என்று கேட்டாள் சின்ன மேடம்.

"அப்போ நான் புதுசு மேடம்" என்றார் சூப்பர்வைசர். "தெரியாம நடந்தது."

"தெரியாம நடந்தது ஒம்பது நாள்" என்றாள் அவள். நோட்டை விரித்து மேசைமேல் வைத்தாள். "இது ஆஸ்பத்திரி, வளையம் இல்லை. இது அடுத்த ஆர்டர், வளையம் இருக்கு. தேதியைப் பாருங்க. ஒம்பதாம் நாள் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. பதினொரு வருஷம் என்னைத் திருடின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. இப்பக்கூட, ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி கூப்பிட்டீங்க."

அடிபட்டவர் சும்மா இருந்திருக்கலாம். மூலையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, பழைய ஃபைல் ஒன்றை உருவி, தேடி, ஒரு காகிதத்தை எடுத்து மேடத்திடம் நீட்டினார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் மேடம். ஆனா பையைப் பார்த்த மறுநாளே இவங்க வீட்டுக்காரரு பெரிய முதலாளிகிட்ட வந்து இதை எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. வீட்டுலயே ஒத்துக்கிட்டப்புறம் நான் நடுவுல என்னத்தைச் சொல்ல? படிச்சுப் பாருங்க."

சின்ன மேடம் படித்தாள். படித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், அதை அவளிடமே கொடுத்தாள்.

கையெழுத்து அவளுக்குத் தெரியும். வீட்டு வாடகைச் சீட்டில், மகளின் மதிப்பெண் அட்டையில் பார்க்கிற அதே சாய்வு. ‘என் மனைவி புத்தி தடுமாறிச் செய்துவிட்டாள். இந்த ஒரு முறை மன்னித்து வேலையில் வைத்துக்கொள்ளும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இனி இப்படி நடக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.’ கீழே அவர் பெயர், தேதி.

பெரிய முதலாளி மனசு வைத்தது இதனால்தான்.

இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது வேற கணக்கு சார். இதை நான் பார்த்துக்கறேன். நீங்க உங்களுதை எழுதுங்க."

எழுத வைத்தது சின்ன மேடம்தான். நோட்டீஸ் பலகையில் ஒட்டுவதற்கு இரண்டு வரி: ஆஸ்பத்திரித் திரைக்குத் துணி குறைந்தது தன் கணக்குப் பிழையால், கட்டர்மேல் எந்தத் தவறும் இல்லை. எழுதி நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒம்பது நாள்ல தெரிஞ்சதுன்னு ஒரு வரி சேர்த்துக்குங்க."

"போதும்மா, விடேன்" என்றார் மெதுவாக. பதினொரு வருஷத்தில் முதல் முறையாக அவர் அவளைப் பட்டம் இல்லாமல் கூப்பிட்டது அது.

"சேர்த்துக்குங்க."

சேர்த்தார். நாளையிலிருந்து வகுப்பைத் தானே எடுப்பதாகச் சொல்லிவிட்டு மேடம் போனாள். மேனேஜர் நாற்காலிப் பேச்சும் அவள் பின்னாலேயே போய்விட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது. மத்தியானம் சூப்பர்வைசர் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஓவர்லாக் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நானும் அன்னிக்குச் சிரிச்சேன்டி."

"தெரியும்க்கா. மூணாவது ஆளு."

அக்கா தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள். "அதான் ஜெயிச்சுட்டியே. அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?"

"வேலை பாக்கி இருக்கு" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவள் கணவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். கடையில் முடியாததை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு ஒரு மேசை விசிறியின் வயிற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. சுற்றை எண்ணும்போது யாரும் பேசக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அவள் எதிரே உட்கார்ந்து பேசினாள்.

"ஆஸ்பத்திரித் திரைக் கணக்கு தப்புன்னு, நான் கேட்ட கேள்விக்கு அந்தாளு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டு மூணு வரி எழுதிக் குடுத்தாரு இன்னிக்கு."

எண்ணிக்கை அறுந்தது. கோபப்படாமல் கம்பியைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. "அப்படியா! எனக்குத் தெரியும். நீ அப்படிப்பட்டவ இல்லைன்னு நான் அப்பவே சொன்னேனே."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டன்னா, பொதுவா சொன்னேன்."

அவள் காகிதத்தை விரித்து விசிறி மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். தன் எழுத்தை அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரம் ஆகுமா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ்னு பேசினாங்க" என்றார் கடைசியில். "கடையில எனக்கும் வேலை இல்லாத சமயம். ஒரு கடுதாசி குடுத்தா விட்டுடறோம்னாங்க. குடுத்தேன். நான் அதை எழுதினதாலதான் இன்னிக்கு அந்த இடத்துல நின்னு நீ அந்தாளைக் கேள்வி கேட்டே. அதையும் யோசிச்சுப் பாரு."

"யோசிச்சேன். பஸ்ல வரும்போது பூரா அதைத்தான் யோசிச்சேன். எழுதினதை விடுங்க. எடுத்தேன்னு நினைச்சீங்களா?"

அவர் கம்பி நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நினைச்சேன்" என்றார். "ஜன்னலுக்குத் திரை இல்லை, தெருவுல போறவன் எல்லாம் உள்ளே பார்க்கறான்னு நீ அந்த மாசம் பூரா சொல்லிக்கிட்டிருந்தே. அதனால நினைச்சேன். அப்புறம் பார்த்தேன், ஜன்னல் அப்படியேதான் இருந்துச்சு. அப்புறம் நினைக்கலை."

"எத்தனை நாள் பார்த்தீங்க?"

"என்னது?"

"ஜன்னலை. பச்சைத் துணி எப்போ தொங்கும்னு எத்தனை நாள் பார்த்தீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றார். பிறகு நேர்மை முழுவதும் வந்துவிட்டதுபோல, "மூணு" என்றார்.

மூன்று மாதம். தினமும் காலையில் இந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் அவர் டீ குடிப்பார். டம்ளரை அவள்தான் கொண்டுவந்து கையில் கொடுப்பாள்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வாங்க" என்றாள். குரல் உயரவில்லை. "மேசையைச் சுத்தி எல்லாரும் நிப்பாங்க. சின்ன மேடமும் இருப்பாங்க. நடுவுல நின்னு, இதை உரக்கப் படிங்க. இது பொய், என் பொண்டாட்டி திருடலை, நான்தான் நம்பலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு உங்க கையாலயே கிழிச்சுப் போடுங்க."

"பதினாறு பேரு முன்னாடியா?"

"இருபத்தி நாலு. புதுசா எட்டுப் பேரைச் சேர்த்திருக்காங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "இத்தனை வருஷம் கழிச்சு அங்கே வந்து என்னை நிக்கச் சொல்றியே. பாப்பா காதுக்குப் போச்சுன்னா என்னை என்னன்னு நினைப்பா?"

"என்னைப் பத்தி ஸ்கூல்லயே அவகிட்ட கேட்டிருக்காங்க, உங்கம்மாதானே நாலேகால்னு. எட்டாவது படிக்கும்போது. உங்ககிட்ட சொல்லலை, என்கிட்டதான் சொன்னா."

அவர் காகிதத்தை மடிக்கப் போனார். அவள் விரலால் அழுத்திப் பிடித்தாள், அது விரிந்தே கிடக்க வேண்டும் என்று.

"அந்தாளை மூணு வரி எழுத வெச்சதோட விட்டுட்டே" என்றார். இப்போது அவர் குரலிலும் சூடு வந்திருந்தது. "அவன் உனக்கு யாரு? நான் யாரு? அவனை விட்டவ என்னை விடமாட்டியா?"

அவள் எழுந்தாள். மாடியில் காயப்போட்ட துணி இருந்தது, பனி இறங்குவதற்குள் எடுக்க வேண்டும். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வரலைன்னா என்ன பண்ணுவே? அதையாவது சொல்லிட்டுப் போயேன்."

அவள் கதவைத் திறந்துகொண்டு மாடிக்குப் போனாள்.